இரு குழலும் ஒன்றுபட ஒரு மருந்து

என் மனைவியின் தந்தையார் விட்டுச்சென்ற இரட்டைக்குழல் வேட்டை ரைபிள், புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டு இரும்புப் பேழையில் உரிமத்தோடு இருக்கிறது. வேட்டை தடை செய்யப்பட்டுப் பல்லாண்டுகள் ஆகிவிட்டமையால் இன்று அதற்குரிய இலக்கு தாள் மட்டுமே. அத்தனை பெரிய தோட்டாக்கள் இப்போது கடைகளில் கிடைப்பதில்லை. ஆகவே, உரிய ஒப்புதல்களைப் பெற்று, வெற்றுக் கூடுகளில் வெடிமருந்து நிரப்பி அவளே தோட்டாக்களை ஆக்கிக்கொள்வாள். ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவள் அவள், நான் தமிழாசிரியன். அவள் மருந்து தெரிவு செய்வதை அருகிருந்து காண்பது, நல்ல உரையாசிரியர் ஒருவர் பாடவேறுபாடுகளை எடைபோட்டு ஒன்றைக் கொள்வதைக் காண்பதற்கு நிகர்.

இரட்டைக்குழலில் ஓர் இடர்ப்பாடு உண்டு. குழல்கள் முற்றிலும் இணையானவை அல்ல. முனையில் சற்றே நெருங்குமாறு பொருத்தப்பட்டவை. செய்தவர் கருதிய விரைவில் குண்டு சென்றால்தான் வலமும் இடமும் ஓரிடத்தில் சுடும். விரைவு மாறினால் பிரிந்துபோகும். சென்ற கோடையில் அவள் முயன்ற மருந்து கூட்டில் பாதியைக்கூட நிரப்பவில்லை. தாளில் இரு துளைகளும் ஒரு சாணுக்கு மேல் விலகி விழுந்தன.

"சொன்ன எடத்துல சுடாதது வூட்ல இருக்கக் கூடாது" என்றாள். துப்பாக்கிச் சங்கத்தின் அடுத்த சுடுநாளிலும் குழல்கள் ஒன்றுபடாவிடில், உரிமத்தைப் புதுப்பிக்காது துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிடுவது என்பது அவள் முடிவு. கருங்குழியில் லாரி வைத்து நடத்தும் அவள் தம்பிக்கு அது பொறுக்கவில்லை.

"யக்கா, அப்பா கைபட்ட பொருளு அது. காயலாங்கடைல போடுறா மாதிரி பேசுற?"

"அப்பா இருந்திருந்தா அவரே குடுத்திருப்பார்டா."

பிறகு தேடல் தொடங்கியது. நூல்களை ஒப்பிட்டாள்; சங்கத்து மூத்தோரை வினவினாள்; அவர்கள் பரிந்துரைத்தவற்றுள் விரைந்து எரிபவற்றையெல்லாம் தள்ளினாள். காரணம் கேட்டேன்.

"ஒரே அறையா அறைஞ்சா குழாய் தாங்காதுங்க. நம்ம கடக்கரைல படகு எறக்குறாங்களே, மோதியா தள்றாங்க? தோள் குடுத்துக்கினே போறாங்க இல்ல? மருந்தும் அப்டித் தள்ளணும்."

கடைசியில் தேர்ந்தது மெல்ல எரியும் பருமணி மருந்து. சங்கத்தின் வழியாக ஒரே ஒரு டப்பா வந்து சேர்ந்தது. கூட்டை அது நிறைத்த அழகைப் பார்த்து அவள் முகம் மலர்ந்தது. நூல் விதித்த அளவில் ஒரு சோடித் தோட்டாக்களை மட்டும் ஆக்கி, எஞ்சியதை மறுநாளைக்கு வைத்தாள்.

மறுநாள் நாங்கள் சந்தைக்குச் சென்றிருந்தோம். தீபாவளி நெருங்கியிருந்தது, தம்பி பட்டாசுகளோடு வந்து தங்கியிருந்தார். அவர் வீட்டிலிருக்கிறார் என்னும் நம்பிக்கையில், மேசைமேல் இருந்த டப்பாவை அவள் பேழைக்குள் வைக்கவில்லை. திரும்பி வந்து மொட்டைமாடி ஏறினால், செய்தித்தாளில் சரவெடிகள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. அருகே ஒரு முறத்தில் அவள் மருந்து. காக்கை கொத்தாதபடி மேலே கொசுவலை வேறு.

"இன்னாடா பண்ணி வெச்சிகீற?"

"உப்புக்காத்துல அப்பளமே நமுத்துப் போவுது, மருந்து நமுக்காதா? பட்டாசோட சேத்துக் காயப் போட்டேன். இப்போ பாரு, சுருசுருனு புடிக்கும்!"

"சுருசுருனு புடிக்கக் கூடாதுன்னுதான்டா இத்தினி நாளா தேடுனேன்."

அவள் குரலை உயர்த்தவில்லை. மருந்தில் ஈரம் அளவோடு விடப்பட்டிருக்கும் என்றும், வெயிலில் அது குறைந்தால் எரியும் விரைவு கூடும் என்றும், எவ்வளவு கூடும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றும் விளக்கினாள்.

"பாக்க நல்லாத்தானே கீது?"

"நேத்து எப்டி இருந்துச்சோ அப்டியேதான் தெரியும். அதான் பயம்."

அன்று மாலையே அதை வெற்று மணலில் மெல்லிய கோடாகத் தூவி எரித்தாள். ஓசையின்றி மஞ்சளாக எரிந்து அடங்கியது. "புஸ்வாணம் அளவுக்குக்கூட இல்லியே" என்று முனகினார் தம்பி. இன்னொரு டப்பா வரத் திங்கள்கள் ஆகும், சுடுநாளோ வரும் ஞாயிற்றுக்கிழமை. கையில் இருந்தது முந்திய நாள் ஆக்கிய சோடி ஒன்றே. அரும்பாடுபட்டுத் தேடியதை ஐயம் ஒன்றுக்காக எரித்துவிட்டு, இரவு உணவுக்குத் தோசை வார்க்கச் சென்ற அந்த உறுதியை நான் வேறெவரிடமும் கண்டதில்லை.

சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அப்பால் உள்ள சுடுகளத்தில் அவள் முறை வந்தது. வலக்குழல் முழங்கிற்று, தோள் பின்னுக்குச் சென்று மீண்டது. பின்னர் இடக்குழல். களம் பாதுகாப்பானது என அறிவித்ததும் தம்பிதான் முதலில் தாளை நோக்கி ஓடினார்.

"யக்கா! நாலு வெரக்கடைதான்கா! மாமா, வந்து பாருங்க மாமா!"

அவள் பொறுமையாக நடந்துசென்று இரு துளைகளையும் நெடுநேரம் நோக்கினாள்.

"ஒரே ஒரு சோடிய வெச்சிக்கினு முடிவு சொல்ல முடியாது. ஆனா புதுப்பிக்கலாம்."

"அப்போ இன்னொரு டப்பா வாங்குவியா?"

"வாங்குவேன். அது வர்ற அன்னிக்கி நீ கருங்குழியிலயே இரு."