அண்ணை போட்ட புள்ளடி

பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று நாங்கள் பாரிசிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர இருந்த ஆண்டில்தான், ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதா விலகுவதா என்று பிரித்தானியா தன் மக்களைக் கேட்டது. எங்களை வரச் சொன்னவர் லண்டனில் இருக்கும் என் அண்ணன். "பிரெஞ்சு பாஸ்போர்ட் கிடைச்ச உடனை வாங்கோ, விசா ஒண்டும் தேவையில்லை" என்பார். கிடைத்தது. தன் தெருவிலேயே எங்களுக்கு வீடும் பார்த்து வைத்திருந்தார்.

விலகுவதென்று வாக்கெடுப்பின் முடிவு வந்த மறுநாள், தன் மகளின் சாமத்தியவீட்டுக்கு, அதாவது பூப்புனித நீராட்டு விழாவுக்கு, சேலை எடுக்க அவர் பாரிசுக்கு வந்தார். தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நான், என் கணவர், மூத்த மகள், அண்ணன் நால்வரும் உட்கார்ந்தோம்.

"நீங்கள் எதுக்குப் போட்டியள், மச்சான்?" என்று என் கணவர் கேட்டார்.

"விலகத்தான்." அண்ணன் தோசையைப் பிய்த்தார். "ஐரோப்பாக்காரர் வந்து குவியிறாங்கள். ஆசுப்பத்திரியிலை இடமில்லை, பள்ளிக்கூடத்திலை இடமில்லை."

"நாங்களும் ஐரோப்பாக்காரராத்தானே அண்ணை வரப்போறம்?"

"விசர்க்கதை கதையாதை. நீங்கள் எங்கட ஆக்கள்."

மாமா வாக்குச்சீட்டை வாசித்துவிட்டுத்தான் புள்ளடி போட்டாரா என்று மகள் பிரெஞ்சில் கேட்டாள். அண்ணனுக்குப் பிரெஞ்சு தெரியாது.

"தோசை நல்லா இருக்கோ எண்டு கேக்கிறாள்" என்றேன்.

"ஓம் பிள்ளை, நல்லம்."

பாதித் தோசையில் அவருடைய கை நின்றது. வாக்கெடுப்பைப் பற்றித் தனக்கு விளக்கம் சொன்ன லண்டன் நண்பரைத் தொலைபேசியில் அழைத்து, தன் தங்கச்சி குடும்பம் இனி வரலாமா என்று விசாரித்தார். நண்பர் நீண்ட நேரம் பேசினார். அண்ணன் "ஓம், ஓம்" என்று மட்டும் சொன்னார்.

"அதை இனித்தானாம் முடிவெடுப்பினம்" என்றார் எங்களிடம். "அந்தத் தாளிலை தங்கச்சி வரேலாது எண்டு ஒரு இடத்திலையும் எழுதியிருக்கேல்லை."

அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் இருந்தது. ஒரு வடை எடுத்து அவர் இலையில் வைத்தேன்.

கதவு எப்போது மூடும் என்று தெரியாமல் வேலையை விட முடியாது என்று என் கணவர் சொல்லிவிட்டார். நாங்கள் போகவில்லை. அவருடைய விமான நிலைய வேலைக்கு வசதியாக, பாரிசுக்கு வெளியே இருக்கும் கூசேன்வில்லுக்குக் குடிபோனோம்.

சில ஆண்டுகள் கழித்து, கதவும் மூடிய பிறகு, அண்ணன் லண்டனில் சொந்தமாக உணவகம் திறந்தார். ஒருநாள் தொலைபேசியில், "சமையலுக்கு ஆளில்லை. லா சப்பலிலை நல்ல பெடியள் இருந்தா அனுப்பன்" என்றார்.

"விசா?"

அண்ணன், அங்கே குளிர் எப்படி என்று கேட்டார்.