லைனை விடாத பஸ்காரர்

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துக்கும் சிரம்பான் டவுனுக்கும் சொந்த பஸ் ஓட்டியவர் அவர். கட்டை மீசை, காக்கிச் சட்டை. பஸ் காலியாக இருந்தாலும் நேரம் தவறமாட்டார்.

ஒரு நாள் ஜப்பான் ராணுவம் பஸ்ஸைப் பறித்தது. அந்த லைனில், அதாவது அந்தத் தடத்தில், ஓட்டுவதற்கான லைசென்ஸையும் கேட்டது; அவர் மறுத்து அறை வாங்கினார். தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான நான் பதறினேன்.

"கொடுத்துடுங்கண்ணே, தலை போயிடும்!"

"சண்டைக்கு பஸ் வேணும், எடுத்தான். சரிலா. லைசென்ஸ வச்சு சுடவா போறான்? அதக் கொடுத்தா லைனே போயிடும், கிராணியாரே."

மறுநாள் அதே நேரத்துக்கு மாட்டுவண்டியோடு வந்தார். ஏழு பேர் ஏறினோம். வழியில் சோதனைச் சாவடியில் ஜப்பான் சிப்பாய் துப்பாக்கியை நீட்ட, அவர் வெள்ளைக்காரன் முத்திரை போட்ட அந்த லைசென்ஸை நீட்டினார். சிப்பாய் வெகுநேரம் பார்த்துவிட்டு வழிவிட்டான். ஏன் விட்டான் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. விடாமல் போயிருந்தாலும் அவர் மறுநாள் வந்திருப்பார்.