வெளியே வைத்த பை

கப்பல் கிளம்ப மாலையாகும் என்பதால், பயணிகளான எங்களைத் தோணியில் கரையிறக்கி, முத்துச் சிப்பி கழுவும் கொட்டகையைக் காட்ட அழைத்து வந்திருக்கிறார்கள். தூத்துக்குடி வெயிலில், சுடுமணலில் இரண்டு மைல் நடந்தாயிற்று. அழுகும் சிப்பியின் நாற்றத்தில் தலை வலிக்கிறது. வாசலில் காவலாள் கையை நீட்டித் தடுக்கிறான்.

"பை, குடை, தூக்குச்சட்டி எதுவும் உள்ள போவக் கூடாது. இங்கன வச்சிட்டுப் போங்க."

என் பையில் ஒரு துண்டும், இருமல் மருந்தும், மீந்த புளியோதரையும்தான் இருக்கின்றன. திறந்து காட்டுகிறேன். அவன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னைப் பார்த்தால் திருடன் மாதிரியா இருக்கிறது?" என்று கத்துகிறேன். அவன் அடுத்தவரின் குடையை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைக்கிறான். மற்றவர்கள் பைகளைப் போட்டுவிட்டு உள்ளே போகிறார்கள். எனக்கு அதற்கும் தெம்பில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்துவிடுகிறேன்.

சிப்பிக் கூடையை உள்ளே இறக்கிவிட்டு, முத்துக் குளிக்கும் ஆள் ஒருவர் வெளியே வருகிறார். என் வயதுதான் இருக்கும். இடுப்பில் ஈரக் கோவணம் மட்டும். காவலாள் அவர் தலைமுடிக்குள் விரலை விட்டுத் துழாவுகிறான். காதை மடக்கிப் பார்க்கிறான்.

"வாயத் தொறலே."

அவர் திறக்கிறார். சொல்லாமலே நாக்கையும் தூக்கிக் காட்டுகிறார்.

"தினமும் இப்படித்தானா?" என்று கேட்கிறேன்.

"ஒவ்வொரு நடைக்கும் இப்படித்தான், ஐயா." புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு என் மடியைப் பார்க்கிறார். "நீங்க பைய வெளிய வச்சிட்டுப் போயிரலாம். நான் வாய எங்கன வைக்க?"