நாலு மணி நேரம் இழக்கலாம்

அந்த மருத்துவமனையில் அவளை எல்லாரும் நகலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் பிரிவில் பதினாறு வருஷம். வீட்டிலும் சாவி, கண்ணாடி, குடை எல்லாம் ஒன்றுக்கு இரண்டு. "நல்லவேளை, புருஷன் மட்டும் ஒண்ணோட நிறுத்திட்டே" என்பார் கணவர்.

ஒரே பெட்டிக்குள், தனித்தனிக் கம்ப்யூட்டர் போல ஓடும் பத்து மெய்நிகர் சர்வர்கள். நோயாளிகளின் பதிவு முழுக்க அதற்குள்தான். பெட்டி கெட்டுப்போனால் எதிர்க் கட்டடத்தில் நகல் கிடைக்கும்படி அவள்தான் திட்டம் போட்டாள். பதியப் பதிய உடனுக்குடன் நகல் எடுத்துப் பார்த்தாள்; வார்டுத் திரைகள் ஆமையாய் நகர்ந்தன. அதனால் நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை என்று முடிவு செய்தாள். திட்டத்துக்கான படிவத்தில், 'எவ்வளவு நேரப் பதிவை இழக்கலாம்?' என்று ஒரு கட்டம். டீ ஆறுவதற்குள் 'நாலு மணி நேரம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். கெட்டிக்காரிதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் வார்டில் ஒரு ஆளிடமாவது கேட்க வேண்டாமா?

ஒருநாள் பகல் பதினொன்று நாற்பதுக்கு சர்வர் அறைக் கூரையில் குழாய் உடைந்தது. பெட்டி தொப்பலாக நனைந்து அணைந்தது. பன்னிரண்டே நிமிஷத்தில் எதிர்க் கட்டடத்து நகல் எழுந்து நின்றது. மேலாளர் போன் போட்டுப் பாராட்டினார். நகலக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்புறம்தான் கடைசி நகலின் நேரத்தைப் பார்த்தாள். காலை எட்டு மணி. அதற்குப் பிறகு பதிந்தது எதுவும் அதில் இல்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வார்டுக்கு ஓடினாள். ஆறாம் படுக்கையில் ஒரு பெண் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் கையில் ஊசி. திரையில், 'ஒவ்வாமை: இல்லை.'

"சிஸ்டர், எட்டு மணிக்கு அப்புறம் இவங்களுக்கு எதாவது பதிஞ்சாங்களா?"

"நான் இப்பதான்க்கா வந்தேன். காலைல இருந்தவங்க சாப்பிடப் போயிருக்காங்க."

"அவங்க வர்ற வரைக்கும் ஊசி வேணாம். ஸ்கிரீன் பழசு."

அங்கிருந்தே மேலாளரை அழைத்தாள். "நகல் சர்வரை நிறுத்தறேன் சார்."

"இப்பதானேம்மா எழுப்புனோம்? உங்க திட்டம்தான் ஜெயிச்சிருக்கு."

"ஜெயிக்கல சார். ஸ்கிரீன் காலியா இருந்தா யாரையாவது கேப்பாங்க. இதைப் பாத்தா நம்பிடுவாங்க. எல்லா வார்டுலயும் பேப்பர்ல எழுதச் சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திராமல், தான் எழுப்பியதைத் தன் கையாலேயே நிறுத்தினாள். அவமானமாக இருந்தது.

காலை நர்ஸ் ஈரக்கையோடு வந்தாள். "ஆறாம் நம்பரா? அந்த மருந்து ஒத்துக்காதுன்னு அவங்கம்மா சொன்னாங்களே. எட்டரைக்கு நான்தானே கம்ப்யூட்டர்ல ஏத்துனேன்." மற்ற நர்ஸ் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தாள்.

அடுத்த வாரம் புதுப் படிவம் வந்தது. நகலக்கா அதை எடுத்துக்கொண்டு நேரே அந்தக் காலை நர்ஸிடம் போனாள்.

"எவ்வளவு நேரப் பதிவை இழக்கலாம் சிஸ்டர்?"

நர்ஸ் படுக்கை வரிசையை ஒரு முறை பார்த்தாள். "யாரோடதைக்கா?"

நகலக்கா பேனாவை மூடினாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலையில் வந்ததிலிருந்து என்னென்ன பதிவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினாள்.