சும்மா ஓட்டம்

"கட்டுரைய அனுப்பிரவா சார்?" என்று பாண்டிச்செல்வி கேட்டபோது உடனே சரி என்று சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. வேதியியல் பேராசிரியராக இத்தனை வருடம் தள்ளியும் அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

பேரையூரிலிருந்து வந்து என்னிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த பெண். கரியமில வாயுவை வெளிச்சத்தால் மெத்தனாலாக மாற்றும் வினையூக்கி, எங்கள் பேச்சில் காட்டலிஸ்ட், அவளுடையது. கட்டுரை வெளிவந்தால் ஜெர்மனியில் ஓர் ஆய்வகம் அவளை எடுத்துக்கொள்ளும் என்று நம்பியிருந்தோம்.

மனசு கேட்காமல், "சும்மா ஓட்டுனப்ப என்ன வந்துச்சு?" என்றேன்.

"சூப்பரா வந்துச்சு சார். அதே அம்புட்டு மெத்தனால்."

தூக்கிவாரிப்போட்டது. கரியமில வாயுவுக்குப் பதில், எதோடும் வினைபுரியாத ஆர்கான் வாயுவை விட்டு ஓட்டுவதைத்தான் நான் 'சும்மா ஓட்டுவது' என்பேன். அதில் மெத்தனால் வரவே கூடாது. வந்தால், உள்ளே ஒட்டியிருக்கும் அழுக்கிலிருந்து வருகிறது என்று அர்த்தம்.

"சி ஓ டூ இல்லாமயா வந்துச்சு?"

"அது எப்படி சார் இல்லாம? சும்மா ஓட்டிப் பாருன்னீங்க. இன்னொருக்கா சும்மா ஓட்டிப் பாத்தேன்."

"அட கடவுளே! அப்ப ஒப்பிட்டுப் பாக்குற பிளாங்க்?"

"லைட்ட அணைச்சு எடுத்தோம்ல சார், ஒண்ணுமே வரல."

"வெளிச்சம் பட்டா அழுக்கும்தான் மெத்தனாலாகும் தாயி!"

உடனே ஆர்கானை விட்டு ஓட்டினோம். கரண்ட் போய்விடுமோ என்று வேறு பயம். மாதிரியை, அதில் இருப்பதைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. கருவியில் ஏற்றிவிட்டு, உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெத்தனால் வருகிற இடத்தில் கோடு மெல்ல எழும்பியது. பழைய பீக்கின் உயரத்தில் முக்கால்வாசி. காட்டலிஸ்ட் தயாரிக்கும்போது ஊற்றிய ஆல்கஹால் முழுசாகப் போகவில்லை.

"ஜெர்மனி போச்சே" என்று நான்தான் உளறினேன். அவள் இரண்டு பீக்கையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெகுநேரம் பார்த்தாள்.

"மிச்சக் கால்வாசி நம்மளுதுதான சார்?"

காட்டலிஸ்ட்டைச் சுத்தம் செய்து எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினோம். அந்தக் கால்வாசி நின்றது. அதை மட்டும் எழுதி அனுப்பினோம். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களுக்குப் பழகிய சொல் அடுத்தவருக்கும் பழக்கம் என்று நினைக்காதீர்கள், முழுசாகச் சொல்லுங்கள். 'சும்மா' என்ற சொல்லை இப்போது ஆய்வகத்தில் நான் வாயில் எடுப்பதில்லை.

ஜெர்மனிக்காரர்கள் வீடியோ காலில் அவளிடம் பேசியபோது நான் ஓரமாக நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதல் கேள்வியே, ஆர்கானில் ஓட்டினீர்களா என்பதுதான்.

பாண்டிச்செல்வி என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, முக்கால்வாசி அழுக்கிலிருந்து ஆரம்பித்தாள்.