வாயுள்ள கூரை

கூரைத் தகடு வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "உள்ள சூடு இறங்குமா?" அடுத்தது, "மழைக்குச் சத்தம் வருமா?" எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை முதலில் மிதித்தவன் நான். இரண்டு கேள்விக்கும் பாடமே நடத்திவிடுவேன். தையல்கார அக்கா எங்கள் கடைக்கு வந்த அன்று அந்தப் பாடம் எடுபடவில்லை.

"தம்பி, இதுல எது ரொம்ப சத்தம் போடும்?"

"சத்தமே போடாதது இருக்குக்கா. அடியில நுரை ஒட்டினது..."

"நுரையை நீயே வச்சுக்க. நல்லா வாயுள்ளதாக் காட்டு."

அக்காவின் கணவர் இறந்ததும், கணவரின் அண்ணன் தளம் போட்ட முன்வீட்டைத் தன் பங்காக எடுத்துக்கொண்டு, ஓடு சரிந்த பின்கட்டை அக்காவிடம் தள்ளிவிட்டார். நடுவில் ஒரே சுவர். அக்கா அங்கே தையல் மிஷின் போட்டார். அந்த அண்ணன் பெரியவருக்கு மதியத் தூக்கம் கெட்டது. தெருவில் நாலு பேரைக் கூட்டி, "என் மண்டைக்குள்ளயே தைக்கிறா" என்று முறையிட்டு, பகலில் மிஷின் ஓடக்கூடாது என்று சொல்ல வைத்துவிட்டார். பள்ளிச் சீருடை ஆர்டர் கைவிட்டுப் போனது. அக்கா மிஷினைத் துணி போட்டு மூடினார். மனசை மூடவில்லை.

தகடு மாட்டும் அன்று போய்ப் பார்த்தேன். மேஸ்திரி திருகாணித் துளைகளைச் சற்றுப் பெரிதாகப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது எதுக்கு?" என்றார் அக்கா.

"வெயில்ல தகடு நீளும். இடம் விடலேன்னா டொப்பு டொப்புன்னு வெடிக்கும்" என்றேன்.

"அப்ப இடம் விடாம இறுக்குங்க மேஸ்திரி."

"அக்கா, அடியில உக்காந்து வேகப் போறது நீங்கதான்."

"நான் வேகறது இருக்கட்டும். சத்தம் சுவரைத் தாண்டுமா? அதைச் சொல்லு."

"தாண்டும்."

"இறுக்குங்க."

கொஞ்ச நாளில் பெரியவர் கண் சிவந்து கடைக்கு வந்தார். "அந்த எழவைக் கொடுத்தது நீதானே? வெயிலடிச்சா வெடி, மழை பேஞ்சா மேளம்!" அதே நாலு பேரிடமும் போயிருக்கிறார். "கூரைக்கு யாருங்க வாய்ப்பூட்டு போடறது?" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல், கூரைக்கு அடியில் ஒட்டும் நுரைப் பலகைகளைத் தானே வாங்கி, என்னையே வண்டியில் ஏற்றிப் போகச் சொன்னார்.

அக்கா வாசலிலேயே மறித்தார். "முதல்ல அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வரச் சொல்லு. அவங்க முன்னால மிஷின் ஓடலாம்னு சொல்லட்டும்."

பெரியவர் கூட்டி வந்தார். சுவரைப் பார்த்துக்கொண்டே, "ஓட்டிக்கட்டும்" என்றார்.

"காது கேக்கல மாமா. கூரை சத்தம்."

"ஓட்டிக்கோம்மா!" என்று கத்தினார். நாலு பேரும் தலையாட்டினார்கள். நான் வண்டியிலிருந்து பலகைக் கட்டைத் தூக்கினேன்.

"அதை ஏன் தம்பி இறக்கற? மிஷினைப் பத்தித்தானே பேசினோம். நுரையைப் பத்தி நான் ஒண்ணும் ஒத்துக்கலையே."

பெரியவர் அந்த நாலு பேரையும் திரும்பிப் பார்த்தார். வண்டியைத் திருப்பினேன், சிரிப்பை அடக்கவில்லை.

இப்போது அக்கா கழுத்தில் ஈரத்துண்டைச் சுற்றிக்கொண்டு மதியத்தில்தான் தைக்கிறார். சீருடை ஆர்டர் திரும்பி வந்துவிட்டது. பெரியவரின் கட்டில் வாசல் அறைக்குப் போய்விட்டது. நுரைப் பலகைகள் கட்டுப் பிரிக்காமல் எங்கள் கிடங்கில் கிடக்கின்றன.