முதுகுக்குப் பின்னால் திமிங்கிலம்

என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய முட்டாள்தனம், கரவன் வண்டியின் கழிப்பறைக்குள் முதல் இரத்தத்தைக் கண்டதும் அம்மாவைக் கூப்பிட்டு 'பாட்' கேட்டதுதான். மத்தியானம் வரை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் திமிங்கிலத்தைப் பார்த்திருப்பேன். மாதவிடாய்க்குப் பயப்பட ஒன்றுமில்லை, 'பாட்' ஒன்றை வைத்துக்கொண்டு உன் வேலையைப் பார் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள். நான் கனடாவில், ஸ்காபரோவில் பிறந்தவள். அதை அப்படியே நம்பிவிட்டேன்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தக் கோடைப் பயணமே என்னால்தான் நடந்தது. ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டில் என் அறைச் சுவர் முழுக்கத் திமிங்கிலப் படங்கள். கியூபெக்கில், ஆறு கடலாகிற இடத்தில், படகில் கொண்டுபோய்த் திமிங்கிலம் காட்டுகிறார்கள் என்று கண்டுபிடித்து வீட்டாரை நச்சரித்தது நான். படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள கரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போகலாம் என்றது மாமா, அம்மாவின் தம்பி. பிள்ளைகள் இல்லாத மாமாவுக்கு நான்தான் செல்லம். திமிங்கில வகைகளின் பெயர்களைப் பாடமாக்கி எனக்கு ஒப்புவிப்பார். அவரும் அவர் மனைவியான மாமியும் அப்பாவும் அம்மாவும் நானுமாகக் கிளம்பினோம். படகு ஏற வேண்டிய நாள் காலையில்தான் நான் வாயைத் திறந்தேன்.

நான் கேட்டதை அம்மா தரவில்லை. என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். பிறகு வெளியே போய் மாமியிடம் சொன்னார். அதோடு என் பயணம் முடிந்து மாமியின் பயணம் தொடங்கியது.

மாமி ஏதோ பதவி கிடைத்தவர் மாதிரி நிமிர்ந்துவிட்டார். இனி ஆண்கள் என் முகத்தில் முழிக்கக் கூடாது. அதிலும் தாய்மாமன் சடங்கன்றுதான் முதலில் பார்க்கலாம். அதற்கு முதல் இங்கேயே ஒரு தண்ணி வார்க்க வேண்டும். இந்தச் சட்டங்களில் பாதியை மாமி அந்த இடத்திலேயே இயற்றினார் என்பது என் சந்தேகம்.

"பால் மரத்துக்குக் கீழ இருத்தித்தான் வாக்க வேணும்," என்றார்.

"கியூபெக்கில பால் மரத்துக்கு எங்க போறது?" அப்பா முதுகைக் காட்டிக்கொண்டு கேட்டார்.

"மேப்பிள் மரத்திலயும் பால் வடியுது தானே. உதைத்தானே சிரப் எண்டு விக்கிறாங்கள்."

அப்படியாக ஒரு மேப்பிள் மரத்தடியில் என்னை உடுப்போடு இருத்தி, சோறு காய்ச்சுகிற சட்டியால் குழாய்த் தண்ணீரை அள்ளித் தலையில் ஊற்றினார்கள். ஐஸ் தண்ணீர். பக்கத்துக் கரவன்காரர் கோப்பியும் கையுமாக நின்று பார்த்தார்கள். அவர்கள் பொலிசுக்குப் போன் அடித்துவிடுவார்களோ என்று பயந்து அப்பா கையைக் காட்டிச் சிரித்தார். அது முடிய, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தொண்டைக்குள் இறங்கின. மாமி நல்லெண்ணெய் இல்லாமல் நயாகரா பார்க்கக்கூடப் போவதில்லை.

"அப்ப திமிங்கிலம்?" என்று கேட்டேன்.

"இப்ப உதுதான் குறைச்சல்," என்றார் மாமி.

அம்மா கொஞ்சம் யோசித்தார். "தனிய விட்டிட்டுப் போகேலாது. வரட்டும். ஆனா கீழ இருக்கட்டும்." என் மேல் இரக்கப்பட்டு அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கும் திமிங்கிலம் பார்க்க வேண்டும்.

பேய் அண்டாமல் கையில் இரும்பு வேண்டுமாம். மாமி கரவனின் லாச்சியைக் கிளறி, தகர ரின் வெட்டுகிற சாமானை என் ஜக்கெற் பைக்குள் போட்டார். தலையை ஒரு துவாயால் மூடினார். கோர்ட்டுக்குக் கொண்டுபோகிற கொலைகாரியைப் போல நடந்து போனேன். படகுக்கான வரிசையில் முழுக்க ஆண்கள் நின்றார்கள். "உவை பாக்கினமே," என்று அம்மா பதறினார். "வெள்ளையள் கணக்கில இல்லை," என்று மாமி தீர்ப்பளித்தார்.

படகின் கீழ்த்தட்டில், கழிப்பறைக்குப் பக்கத்து வாங்கில், யன்னலுக்கு முதுகைக் காட்டி என்னை இருத்தினார்கள். மற்ற எல்லோரும் மேலே போனார்கள். அம்மா எனக்குக் காவல். படகு ஆடத் தொடங்கியது. வயிற்றுக்குள் முட்டையும் எண்ணெயும் ஆடின.

மேலே கூட்டம் கத்தியது. ஒரு பக்கமாக எல்லோரும் ஓடுகிற காலடிச் சத்தம் தலைக்கு மேலே கேட்டது. அம்மாவின் கால் தரையில் நிலைகொள்ளவில்லை.

"இரு, வாறன். திரும்பிப் பாக்காத, உப்புக் காத்துப் படும்," என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

திரும்பித்தான் பார்த்தேன். அந்த யன்னல் மறுபக்கக் கடலைக் காட்டியது. அதில் ஒன்றுமில்லை. நான் துவாய்க்குள் சத்தி எடுத்தேன்.

பிறகு எழும்பிப் படியேறினேன். படியின் உச்சியில் மாமா நின்றார். அவரைக் கண்டதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. மற்றவர்கள் எப்படியோ, மாமா விடுவார் என்று நினைத்தேன். அவர் போனில் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். காலடி கேட்டுத் திரும்பினார். என்னைக் கண்டதும் கண்ணை இறுக்கி மூடி, தொப்பியை முகத்துக்கு இழுத்துவிட்டு, ஒரு கையால் வாசலை மறித்தார். மற்றக் கை தோளுக்கு மேலால் போனைக் கடலுக்கு நேரே பிடித்தபடியே இருந்தது.

"கீழ போங்கோ பிள்ளை. மாமா உங்களைப் பாக்கேலாது."

"நீங்கள் என்னைப் பாக்க வேண்டாம், மாமா. நான் அதை ஒருக்காப் பாத்திட்டுப் போறன்."

"சொன்னாக் கேளுங்கோ."

அப்போதுதான் அவருக்குப் பின்னால், மிகக் கிட்டத்தில், அது மூச்சு விட்டது. லொறி பிரேக் போட்டு நிற்கும்போது காற்று வெளியேறுமே, அப்படி ஒரு சத்தம், ஆனால் இன்னும் நீளமாக. அதன் வாடையும் வந்தது, ஊறிப்போன கருவாடு மாதிரி. கூட்டம் ஒரேயடியாக மூச்சை இழுத்துப் பிறகு கைதட்டியது. எனக்குத் தெரிந்தது மாமாவின் நீல நிற மழைச்சட்டை மட்டும். அதிலிருந்த பொத்தான்கள் எனக்கு இன்றைக்கும் ஞாபகம். அந்த இடத்தில் அவரை வெறுத்தேன். அது இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை.

திரும்பி வருகிற வழி முழுக்கக் கரவனுக்குள் ஒரு போர்வையைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கத்தில் அவர்கள் மாமாவின் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள். வால் மேலே எழும்புகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் அப்பா "பார், பார்" என்றார். நான் போனைக் கேட்டேன். அம்மா தரவில்லை.

"நீ சடங்கு ஹோலில பாப்பாய். அது சேர்பிரைஸ்."

சடங்கு அடுத்த வருட இலைதுளிர் காலத்தில், ஸ்காபரோவில் ஒரு பெரிய ஹோலில் நடந்தது. மற்றப் பிள்ளைகள் பல்லக்கிலும் தாமரைப் பூவிலும் வந்த காலம். எனக்கு அம்மா ஒரு திமிங்கிலம் செய்வித்திருந்தார். ரெஜிபோம் என்கிற நுரைப் பலகையில் செய்த நீலத் திமிங்கிலம். கண் இமை இருந்தது, உதட்டுச் சாயமும் இருந்தது. அதன் வாய்க்குள் நகையும் சேலையுமாக என்னை இருத்தி, புகையடித்து, மேடைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மாமா முன்னால் வந்து, எல்லோருக்கும் தெரிய என் முகத்தைப் பார்த்து அழுதார்.

பிறகு விளக்கை அணைத்தார்கள். எனக்குப் பின்னாலிருந்த பெரிய திரையில் மாமாவின் வீடியோ ஓடியது. வெளிச்சம் சபையின் முகங்களில் நீலமாக விழுந்தது. எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். நான் திரும்பினேன்.

"பிள்ளை, இஞ்ச பாருங்கோ, கமெராவைப் பாருங்கோ," என்றார் படம் எடுப்பவர். அம்மா வந்து என் நாடியைப் பிடித்து முன்னால் திருப்பினார். "தலைச் சோடினை குலையுது. ஆடாம இரு."

எனக்குப் பின்னால் அது மறுபடி மூச்சு விட்டது. சபை கைதட்டியது.

மாமாவின் அந்தப் போன் பிறகு தொலைந்துபோனது, திமிங்கில வீடியோவும் அதோடு போய்விட்டது. ஹோலில் எடுத்த வீடியோ இருக்கிறது. அதில் அந்த நேரம் முழுக்க என் முகம்தான், மிகக் கிட்டத்தில். இப்போதும் யாராவது வீட்டுக்கு வந்தால் அம்மா அந்த இடத்தைத்தான் போட்டுக் காட்டுவார். அதில் நான் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

"எவ்வளவு சந்தோசமாச் சிரிக்கிறாள் பாருங்கோ," என்பார்.